சீழ் உண்டு, கிருமி இல்லை: எதை எப்படிப் பிரித்தறிவது?

கொப்புளத்தில் மஞ்சளாகச் சீழ் தெரிந்தாலே கிருமித்தொற்று என்றுதான் நினைப்போம். சீழ் என்பது பெரும்பாலும் குவிந்து கிடக்கும் வெள்ளணுக்கள். கிருமியே இல்லாமலும் அவை தோலில் வந்து குவிவதுண்டு. அப்போது, சீழை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் எதுவும் வளராது.

இந்த வகையில் அதிகம் குழப்புபவை இரண்டு. ஒன்று, மருந்தால் திடீரென வருவது; மருத்துவர்கள் ‘ஏஜெப்’ (AGEP) என்பார்கள். மற்றொன்று, உடலெங்கும் பரவும் சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ். இரண்டிலும் காய்ச்சல், சிவந்த தோல், குண்டூசித் தலை அளவில் நூற்றுக்கணக்கான கொப்புளங்கள். தோலில் சிறு துண்டை எடுத்துப் பார்க்கும் பயாப்சிகூடச் சில சமயம் தடுமாறும். நான் முதலில் பார்ப்பது நாட்கணக்கைத்தான். ஆன்டிபயாடிக் தொடங்கி ஓரிரு நாளில், அக்குள், தொடையிடுக்கு போன்ற மடிப்புகளில் ஆரம்பித்தால் ஏஜெப் பக்கம் சாயலாம். டில்டியாசெம் என்ற ரத்த அழுத்த மருந்து போன்றவற்றில் பத்து நாள்கூட ஆகும். மருந்தை நிறுத்தினால் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் தோல் உரிந்து அடங்கிவிடும்.

சொரியாசிஸ் வகை அப்படி அடங்காது. கொப்புளங்கள் ஒன்றுகூடிச் சீழ்க்குளமாகும், மூட்டுவலி இருக்கலாம், தணிந்தாலும் திரும்ப வரும். முன்பே சொரியாசிஸ் இருந்ததா என்று கேட்பது அவசியம், ஆனால் ‘இல்லை’ என்ற பதிலை வைத்து இந்த நோயை ஒதுக்கிவிடக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென நிறுத்துவதே இதைக் கிளப்பிவிடும். அதனால், ஏஜெப் என்று தவறாக நினைத்து ஸ்டீராய்டு கொடுத்து, சில நாளில் நிறுத்தினால் நிலைமை மோசமாகலாம். என் கவலையெல்லாம் இங்கேதான்.

உள்ளங்கை, உள்ளங்காலில் மட்டும் வருவது வேறு கதை. புதிய மஞ்சள் கொப்புளமும் காய்ந்த பழுப்புப் புள்ளியும் அருகருகே தெரியும். புகைபிடிப்பவர்களிடம் இது அதிகம். பூஞ்சைத்தொற்றும் இதே தோற்றத்தில் வரும், அதனால் தோலைச் சுரண்டிப் பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம், 1956இல் ஸ்னெட்டனும் வில்கின்சனும் விவரித்த அரிய நோய். கொப்புளத்தின் மேல்பாதி தெளிநீர், கீழ்ப்பாதி சீழ், வளையமாகப் பரவும். டாப்சோன் என்ற மாத்திரை பெரும்பாலும் கைகொடுக்கும்.

பிறந்து சில நாளான குழந்தைக்குச் சிவந்த திட்டுகளின் நடுவே வரும் சிறு கொப்புளங்கள் பெரும்பாலும் தானே மறையும். ஆனால் குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ, கிருமித்தொற்றாக இருக்கலாம் என்று எண்ணி, காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.