அல்லி வாங்கப் போய் வெங்காயத்தாமரையோடு வந்த கதை

காட்பாடி பக்கம் ஒரு நர்சரி, பெயர் வேண்டாம். ரோஜாவும் மண்தொட்டியும் நல்ல விலை, அதற்காக மட்டும் 2 ஸ்டார். மொட்டைமாடித் தொட்டிக்கு அல்லி கேட்டேன், "அல்லி இல்ல சார், இத வைங்க, தானா வளரும்" என்று கொத்து 40 ரூபாய்க்குக் கொடுத்தார்களே, அது வெங்காயத்தாமரை, ஏரி குளத்தையே மூடிவிடும் மிதக்கும் களைச்செடி! பளபளக்கிற வட்ட இலை, காம்பில் வெங்காயம் மாதிரி உப்பல், கிள்ளினால் உள்ளே பஞ்சு, தண்ணீரில் தொங்கும் கருத்த வேர். ஊதாப் பூ வந்ததும் சந்தேகமே போய்விட்டது. (ஆகாயத்தாமரை என்றும் சொல்வார்கள், ஆனால் முட்டைக்கோஸ் மாதிரி இலை விரித்து மிதக்கும் இன்னொரு செடிக்கும் அதே பெயர், அதுவும் லேசுப்பட்டதல்ல.) தென் அமெரிக்காச் செடி, நல்ல வெயிலில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும், என் தொட்டியில் தண்ணீரே தெரியவில்லை. கடையில் போய்க் கேட்டால் "அதிகமானா ஏரியில போட்டுடுங்க" என்கிறார். நம்ம ஏரிகள் படுகிற பாடு போதாதா? சரி என்று நானே வேரோடு அள்ளி, மாடித் தரையில் சருகாகும்வரை காயவைத்து எருக்குழியில் போட்டேன். பூ விதையாவதற்குள் அள்ளிவிடுங்கள், விதை சேற்றில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அப்புறம் தொட்டித் தண்ணீரையும் கால்வாயில் விடாமல் ரோஜாவுக்கே ஊற்றினேன்.