சிடி வேஷம் போட்ட வைஃபை அடப்டர்: இரண்டரை வருடத்துக்கு மேல் பாவித்த கதை

முத்தையன்கட்டுப் பக்கம் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு ராஸ்பெரி பை 2 இருக்கிறது. அடையாள அட்டை அளவான கணினிப் பலகை, ஒரு பழைய மொனிட்டர், எழுத்து அழிந்த கீபோர்ட், அவ்வளவுதான். பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களைப் பார்ப்பதும் இணையம் இல்லாமலே கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியாவைத் தட்டுவதும் அதில்தான். புதிய வினாத்தாள்களை இறக்க மட்டும் இணையம் வேண்டும். அது செயலாளர் வீட்டு ரூட்டரில் இருந்து வருகிறது. இரண்டு வளவு தள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம்.

முதலில் வயர்தான் இழுத்திருந்தோம், வேப்பமரத்தில் கட்டி, பனையில் கட்டி. ஐப்பசி பிறந்தால் இங்கே பின்னேரங்களில் இடிதான். 2022 ஐப்பசியில் ஒருநாள் அருகில் எங்கோ விழுந்தது. மரத்துக்கும் ஆளுக்கும் ஒன்றுமில்லை. ரூட்டரில் ஒரு துளையும் எங்கள் பையின் நெட்வேர்க் துளையும் செத்துப்போயின. வெளியே இழுத்த நீள வயர் இடிக்கு நல்ல அன்ரெனா என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. பை 2இல் நெட்வேர்க்கையும் நான்கு யூஎஸ்பி துளைகளையும் ஒரே சிப்தான் கவனிக்கிறது. யூஎஸ்பி தப்பியது எங்கள் அதிஷ்டம். 2015இல் வந்த இந்த மாடலில் உள்ளே வைஃபை கிடையாது, அது அடுத்த வருடம் வந்த பை 3இல்தான் சேர்ந்தது. ஆகவே யூஎஸ்பி அடப்டர் ஒன்று வாங்குவதைத் தவிர வழியில்லை.

டொலர் 360 ரூபா அளவில் நின்ற காலம். மாங்குளத்தில் பஸ் மாறி கிளிநொச்சி போனேன். நான் பார்த்த கடைகளில் ஒன்றில் மட்டும் ஒரு பெட்டி இருந்தது. பெயர் தெரியாத தயாரிப்பு, ஒரு சிறு அன்ரெனா, பெட்டியில் பெரிதாக 650 என்று எழுதியிருந்தது. எங்கள் பையில் ஓடுவது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். “அண்ணை, இது லினக்ஸில வேலை செய்யுமோ?” என்று கேட்டேன். “செருகினால் சரி தம்பி” என்றார். திரும்பும் வழியில் முறிகண்டியில் பஸ் நின்றபோது பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டு ஏறினேன். தேங்காய் போதவில்லை என்று நினைக்கிறேன்.

செருகினேன். ஒன்றும் இல்லை. அடப்டரில் லைட்கூட எரியவில்லை. வைஃபை என்ற சொல்லே மெனுவில் வரவில்லை. இரண்டு நாள் அது பழுது என்றே நம்பினேன். கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றால் பஸ் காசு அடப்டர் விலையில் பாதி.

மூன்றாம் நாள் ஆற அமர இருந்து எல்எஸ்யூஎஸ்பி என்று அடித்தேன். செருகியிருக்கும் யூஎஸ்பி சாமான்களை எல்லாம் வரிசையாகக் காட்டும் கட்டளை அது. ரியல்டெக் என்ற பெயரும் அதற்குப் பக்கத்தில் 0பிடிஏ:1ஏ2பி என்ற எண்ணும் இருந்தன. அப்போ சாமான் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் அதன் வகை வைஃபை அல்ல, ‘டிஸ்க்’ என்று இருந்தது. லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலின் பதிவைப் பார்த்தால் ஒரு சிடி-ரோம் வந்திருப்பதாக எழுதியிருந்தது. வைஃபை அடப்டர் எப்படிச் சிடி ஆனது?

இந்த வித்தை எனக்குப் புதிதல்ல என்பதுதான் பகிடி. வன்னிக்கு 3ஜி டொங்கிள் வந்த காலத்தில், செருகியவுடன் விண்டோஸில் ஒரு சிடி படம் தோன்றி, அதற்குள்ளிருந்து மென்பொருள் ஏறும், ஞாபகம் இருக்கலாம். இதுவும் அதே கதை. அடப்டருக்குள் ஒரு சின்ன நினைவகத்தில் விண்டோஸ் டிரைவரை, அதாவது சாமானை இயக்கும் மென்பொருளை, வைத்து விற்கிறார்கள். செருகியதும் அது தன்னைச் சிடி என்று சொல்லிக்கொள்கிறது. விண்டோஸில் டிரைவர் ஏறியதும் வேஷத்தைக் கலைத்து வைஃபை ஆகிறது. லினக்ஸில் வேஷத்தைக் கலைக்க ஆளில்லாவிட்டால் அது சிடியாகவே குந்திக்கொண்டிருக்கும்.

கலைக்கிறதுக்கு யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்று ஒரு சிறு நிரல் உண்டு. அந்த டொங்கிள்களுக்காக எழுதப்பட்டதே இதற்கும் உதவுகிறது. சிடியை வெளியே தள்ளு என்ற கட்டளையை அடப்டருக்கு அனுப்புவதுதான் அது செய்யும் வேலை. அதை நிறுவ இணையம் வேண்டும், இணையத்துக்கு அடப்டர் வேண்டும். இந்த இடத்தில் பலர் விட்டுவிடுவார்கள், நானும் கொஞ்ச நேரம் விட்டேன். பிறகு போனை யூஎஸ்பி வயரில் பையோடு செருகி, அமைப்பில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதைப் போட்டேன். எந்த டிரைவரும் கேட்காமல் இணையம் வந்தது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நெட்வேர்க் இல்லாத எந்த லினக்ஸ் பெட்டிக்கும் அன்ட்ரொயிட் போன்தான் முதலுதவி.

மோட்ஸ்விட்ச் ஓடியது. மறுபடி எல்எஸ்யூஎஸ்பி பார்த்தேன். எண் 0பிடிஏ:சி811 என்று மாறியிருந்தது. இப்போதுதான் சிப்பின் உண்மையான முகம் தெரிந்தது: ரியல்டெக் 8811சியூ. ஆனால் வைஃபை இன்னும் வரவில்லை. அப்போது என்னிடம் இருந்தது ராஸ்பெரி பை ஓஎஸ் என்ற லினக்ஸின் புல்ஸ்ஐ பதிப்பு, கேர்னல் 5.15. அந்தக் கேர்னலில் இந்தச் சிப்பின் யூஎஸ்பி வகைக்கு டிரைவரே கிடையாது. மூலநிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ரியல்டெக்கின் மூலநிரலைத் திருத்திப் பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள். 8821சியூ என்ற பெயரில் இருப்பதே 8811சியூவுக்கும் பொருந்தும். அதை இறக்கி, கேர்னல் ஹெடர் கோப்புகளையும் ஏற்றி, பையிலேயே கட்டவேண்டும் (கம்பைல் செய்யவேண்டும்).

பை 2இல் அது மெதுவாகத்தான் நடக்கும். தினமும் இரண்டு மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலம் வேறு. முதல் தடவை முக்கால்வாசி போனபோது கரண்ட் போய்விட்டது. இரண்டாம் தடவை வெட்டு முடிந்த கையோடு தொடங்கி, பக்கத்தில் இருந்து விடைத்தாள் திருத்திக்கொண்டே காவல் காத்தேன். முடிந்தது. அப்புறமும் வரவில்லை! நாட்டைத் தெரிவு செய்யாவிட்டால் ராஸ்பெரி பை ஓஎஸ் வைஃபையை ஆர்எஃப்கில் என்ற மென்பொருள் பூட்டால் பூட்டியே வைத்திருக்கும். அமைப்பில் இலங்கையைத் தெரிவு செய்ததும் அடப்டரில் நீல லைட் எரிந்தது. வாசிகசாலையில் இருந்த பெடியள் கை தட்டினார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

இதுவரை எழுதியது முதல் கிழமை. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. ஆனால் அடப்டர் எனக்குப் பாடம் எடுத்தது அதற்குப் பிறகுதான்.

முதல் தலையிடி, நாளுக்கு நாலைந்து தடவை அறுந்துபோவது. டிரைவர் பிழை என்று நினைத்து அதன் அமைப்புகளை நோண்டி ஒரு மாதம் வீணாக்கினேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திதான் கண்டுபிடித்தாள். “சேர், அறுகிற நேரம் பாத்து அந்தச் சிவப்பு லைட் நூந்து நூந்து எரியுது.” பை 2இல் அந்தச் சிவப்பு லைட் மின்னழுத்தத்தின் காவல்காரன். 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நூர்ந்துவிடும். நான் கொடுத்திருந்தது பழைய போன் சார்ஜரும், நீளமான மெல்லிய வயரும். பை மட்டும் என்றால் அதில் ஓடும், அடப்டர் வேகமெடுத்து அனுப்பும்போது இழுக்கிற மின்னோட்டத்தை அந்த வயர் தாங்கவில்லை. 2.5 அம்பியர் சார்ஜர், முழ நீளத்தில் தடித்த வயர் போட்டதும் அறுவது நின்றுவிட்டது. டிரைவரைத் திட்டிய பாவம் எனக்கு.

இரண்டாவது, தகரக் கூரை. நிலையத்தின் முன்தாழ்வாரம் தகரம், பை இருப்பதும் இரும்பு அலுமாரிக்குள். நேரே செருகியபோது சிக்னல் கழித்தல் 78 டிபிஎம் அளவில் தள்ளாடியது (பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது). ஒரு மீற்றர் யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி, அடப்டரை ஜன்னல் கம்பியில் ரூட்டர் பக்கம் பார்க்கக் கட்டித் தொங்கவிட்டேன். கழித்தல் 64க்கு வந்தது. பெட்டியில் போட்டிருந்த 650 என்பது இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகத்தைக் கூட்டி எழுதிய எண். 5 கிகாஹேர்ட்ஸ் எங்கள் இரண்டு வளவைத் தாண்டி வரவே இல்லை, 2.4 மட்டும்தான் வருகிறது. பை 2இன் யூஎஸ்பியே பழைய 2.0 வகை. அதைவிட, செயலாளர் வீட்டுக்கு வரும் 4ஜியே இதில் பத்தில் ஒரு பங்கு வராது. அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

அலுமாரியில் இருந்து வெளியே வந்ததில் இன்னொரு நன்மை, சூடு. சித்திரை வெயிலில் அலுமாரிக்குள் அடப்டரைத் தொட முடியாது. ஜன்னலில் காற்றுப் படுகிறது. கெட்டது என்றால், பாவிக்காத யூஎஸ்பி துளை ஒன்றில் மண்குளவி கூடு கட்டிவிட்டது. அலுமாரிக் கதவு வயருக்காகக் கொஞ்சம் திறந்தே இருப்பதால் வந்த வினை. இப்போது துளைகளுக்கு இன்சுலேசன் டேப் ஒட்டியிருக்கிறேன்.

மூன்றாவதுதான் பெரிது. 2023 நடுப்பகுதியில் வழக்கமான அப்டேட் ஒன்றைப் போட்டேன். கேர்னல் 5.15 போய் 6.1 வந்தது, அடப்டர் மறுபடி ஊமை. டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு, கேர்னல் மாறினால் வெளி டிரைவரைத் தானே மறுபடி கட்டவேண்டும். கட்டப் பார்த்திருக்கிறது. ஆனால் என்னிடம் இருந்தது பழைய மூலநிரல், புதிய கேர்னலோடு ஒத்துப்போகாமல் பாதியில் நின்றுவிட்டது. மறுபடி போன் டெதரிங், புதிய மூலநிரல், மறுபடி காவல். பரீட்சைக் காலம், பிள்ளைகள் ஒவ்வொரு பின்னேரமும் வந்து “வந்திட்டோ சேர்?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து அப்டேட் என்றாலே பயம். எட்டு மாதம் ஒரு அப்டேட்டும் போடாமல் வைத்திருந்தேன். அது சரியான பழக்கம் அல்ல என்று தெரிந்தேதான் செய்தேன்.

இதில் எரிச்சலான சங்கதி, இந்தச் சிப்புக்கான டிரைவர் கேர்னலுக்குள்ளேயே வந்தது 6.2இல். எனக்குக் கிடைத்தது 6.1. ஒரு படி குறைவு.

2024 நடுப்பகுதியில் புதிய எஸ்டி கார்ட் ஒன்றில் புக்வேர்ம் பதிப்பைச் சுத்தமாக ஏற்றினேன். கேர்னல் 6.6. மோட்ஸ்விட்ச் மட்டும் நிறுவினேன். அடப்டரைச் செருகினேன். சிடியாக வந்தது, தானே வேஷம் கலைந்தது, கேர்னலுக்குள்ளேயே இருக்கும் ஆர்டிடபிள்யூ88 டிரைவர் ஏறியது, வைஃபை பட்டியல் வந்தது. நான் ஒன்றையும் கட்டவில்லை. போன வருடம் காவல் காத்த இரவுகளை நினைத்து அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் இருந்தேன். ஒரே ஒரு குறை: யாரும் பாவிக்காமல் இரவு கிடந்தால் காலையில் தொடர்பு இருக்காது. புக்வேர்மில் நெட்வேர்க் மனேஜர்தான் வைஃபையைக் கவனிக்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் என்பதற்கு 2 என்று கொடுத்து மின்சேமிப்பை நிறுத்தினேன். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அப்டேட் தாராளமாகப் போடுகிறேன், ஒருநாளும் ஊமையாகவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: பெட்டியின் படத்தையும் எண்ணையும் பார்க்காதீர்கள், உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள், அது உங்கள் கேர்னலில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளி டிரைவர் என்றால் ஒவ்வொரு கேர்னலுக்கும் ஒருநாள் தண்டம் என்று கணக்கில் வையுங்கள். வினாத்தாள் இறக்குவது போன்ற சின்ன வேலைக்கு மீடியாடெக் எம்டி7601யூ சிப் உள்ள பழைய குட்டி அடப்டரே போதும். அது கேர்னல் 4.2இல் இருந்தே உள்ளே இருக்கிறது. இரண்டு அலைவரிசையும் வேண்டும் என்றால் எம்டி7612யூ. காசு இருந்தால் உள்ளேயே வைஃபை உள்ள புதிய பையை வாங்குவது புத்தி. ஆனால் அதையும் இரும்பு அலுமாரிக்குள் வைத்தால் ஜன்னலில் தொங்கும் இந்த அன்ரெனா அளவுக்கு இழுக்காது.

போன வருடக் கடைசியில் பக்கத்து ஊர் வாசிகசாலைக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். அதே கடை, அதே பெட்டி, அதே 650. இந்தமுறை முறிகண்டியில் இறங்கவில்லை, பஸ்ஸில் நல்ல சனம். செருகிப் பார்த்தால் எண் 0பிடிஏ:எஃப்179. உள்ளே இருந்தது வேறு சிப், 8188 வகை, 2.4 மட்டும், 650க்குக் கிட்டவும் வராது. சிடி வேஷமும் இல்லை. கேர்னல் 6.6 அதை அடையாளம் கண்டு செருகிய சில வினாடியில் இணைத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரோடு சண்டை பிடிக்கப் போவதாக அந்த ஊர்ப் பெடியன் துள்ளினான். “கொண்டுபோய்க் குடுத்திட்டு என்ர மாதிரி ஒன்றை வாங்கப் போறியோ?” என்று கேட்டேன். பேசாமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.