ரீஃப்ளரா, ஷார்ட்டா? ஊசல் கடிகாரங்களின் கடைசிப் போட்டி

படிகத்தின் அதிர்வை வைத்து ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம் வருவதற்கு முன்னால் வானாய்வகங்கள் பெரிதும் நம்பியிருந்த ஊசல் கடிகாரங்கள் இரண்டு. ஒன்று மியூனிக்கில் சிக்மண்ட் ரீஃப்ளர் செய்தது. இன்னொன்றை, வில்லியம் ஹாமில்டன் ஷார்ட் என்ற ரயில்வே பொறியாளர், ஃபிராங்க் ஹோப்-ஜோன்சுடன் சேர்ந்து 1921இல் இங்கிலாந்தில் உருவாக்கினார். என் ஓட்டு ஷார்ட்டுக்குத்தான்.

சும்மா விட்டால் ஊசல் மிக ஒழுங்காக ஆடும். சும்மா விட முடியாது என்பதுதான் சிக்கல். ஆட்டம் தேயாமல் அவ்வப்போது தள்ள வேண்டும், எத்தனை முறை ஆடியது என்று எண்ணவும் வேண்டும். ஊஞ்சலை ஆட்டிவிடும் கை துளி முன்னே பின்னே பட்டாலே வேகம் மாறிவிடுகிறது அல்லவா? அதே கதைதான் இங்கேயும்.

ரீஃப்ளர் ஊசல் தண்டைத் தொடவில்லை. ஊசல் தொங்கும் மெல்லிய வில்தகட்டை வளைத்து, அதன் வழியாக விசையைக் கொடுத்தார். வெப்பத்தில் அநேகமாக நீளாத இன்வார் உலோகம் வந்ததும் தண்டை அதில் செய்தார். காற்றழுத்தம் மாறாதபடி எல்லாவற்றையும் உறைக்குள் அடைத்தார். பிழை நாளுக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 1904 முதல் 1929 வரை இதைத்தான் வைத்திருந்தது. ஆனாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும், முள்ளை நகர்த்தும் பல்சக்கரத்தை விடுவிக்கும் வேலை ஊசலின் தலையிலேயே இருந்தது.

ஷார்ட் அந்த வேலையையே பிடுங்கிக்கொண்டார். அவருடையது இரண்டு கடிகாரம். தலைமை ஊசல், காற்றில் பெரும்பகுதியை உறிஞ்சி எடுத்த செப்பு உருளைக்குள் தனியே ஆடும். எண்ணுவது, முள்ளை நகர்த்துவது எல்லாம் வேறிடத்தில் இருக்கும் துணைக் கடிகாரத்தின் பாடு. 30 நொடிக்கு ஒருமுறை அது மின்சாரம் அனுப்பும். உருளைக்குள் ஒரு சின்ன நெம்புகோல் விடுபட்டு, அதன் நுனியிலுள்ள மணிக்கல் ஊசலோடு சேர்ந்த சிறு சக்கரத்தின் மேல் உட்காரும். ஊசல் நகர நகரக் கல் வழுக்கி இறங்கும். தன் எடையால் அது தரும் மெல்லிய அழுத்தம்தான் தள்ளுதல். விழுந்த நெம்புகோல் துணைக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும். துணையை வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாக ஓடும்படி வைத்திருப்பார்கள். அது பின்தங்கினால் ஒரு வில் பிடித்து அதை முன்னே தள்ளிவிடும். மற்ற நேரமெல்லாம் தலைமை ஊசலை யாரும் தொடுவதில்லை. இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

பலன்? ஆண்டுக்கு ஒரு நொடி அளவே பிழை. 1921 டிசம்பரில் எடின்பரோ வானாய்வகத்திலும், 1924இல் கிரீன்விச்சிலும் இதை நிறுவினார்கள். அதுவரை விண்மீன்கள் உச்சிக்கோட்டை (தலைக்கு மேலே வடக்கு தெற்காகப் போகும் கற்பனைக் கோடு) கடப்பதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருத்தினார்கள். இப்போது பூமியச்சின் சிறு தலையாட்டத்தால் விண்மீன்களை வைத்துக் கணக்கிடும் நேரமே சீராக ஓடாததைக் கணக்கில் எடுத்தாக வேண்டிய அளவுக்குக் கடிகாரம் துல்லியமாகிவிட்டது.

சரி, குவார்ட்ஸ்? 1927இல் பெல் ஆய்வகத்தில் பிறந்து, அடுத்த இருபது ஆண்டுகளில் இரண்டையும் ஓரங்கட்டியது. ஆனால் ஊசலை ஆட்டுவது ஈர்ப்பு விசை; குவார்ட்ஸுக்கு அது தெரியாது. நியூயார்க் அருகே டக்சிடோ பார்க்கில் ஆல்ஃபிரட் லூமிஸ் என்ற செல்வந்த ஆய்வாளர் தன் மூன்று ஷார்ட் கடிகாரங்களைக் குவார்ட்ஸோடு ஒப்பிட்டபோது, நிலா வானில் நகர நகர ஊசல்களின் வேகமும் துளி மாறுவது தெரிந்தது. ஈர்ப்பில் கோடியில் ஒரு பங்கு மாற்றம்தான், அதையும் ஊசல் காட்டிக்கொடுத்தது. 1984இல் அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தில், ஒரு பழைய ஷார்ட்டின் ஆட்டத்தை ஒளி உணர்வியால் ஒரு மாதம் அளந்தார்கள். அப்போதும் அந்த ஊசலில் நிலாவின் இழுப்பு தெரிந்தது.