விருதுநகரிலிருந்து மதுரைக்கு ஆறு முறை: ஒரு குழந்தைகள் இதயநலப் பிரிவு குறித்து

என் மகளின் இதயத்தில் மூன்று கட்டிகள் இருப்பது அவள் பிறப்பதற்கு முன்பே, 28ஆம் வார ஸ்கேனில் தெரியவந்தது. அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில், மதுரையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் இதயநலப் பிரிவுக்கு ஆறு முறை சென்றுவந்துவிட்டோம்.

முதல் சந்திப்பிலேயே மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இதயத்தின் நான்கு அறைகளையும் வரைந்து, கட்டிகள் இருக்கும் இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினார். குழந்தைகளின் இதயத்தில் தோன்றும் கட்டிகளில் மிகுதியாகக் காணப்படும் ராப்டோமயோமா என்னும் வகை இது என்றும், புற்றுநோய் அல்ல என்றும், பிறந்தபின் பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும் என்றும் விளக்கினார். ஃபைப்ரோமா என்னும் இன்னொரு வகை பெரும்பாலும் ஒற்றைக் கட்டியாக வரும், அது இப்படிச் சுருங்குவதில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். “அறுத்து எடுத்துவிட்டால் நிம்மதிதானே, டாக்டர்?” என்று என் மாமனார் கேட்டதற்கு, “ஐயா, இது தசையோடு தசையாக இருக்கிறது. ரத்தம் போகும் வழியை மறிக்கவும் இல்லை. இப்போதைக்கு அளந்துகொண்டே இருப்பதுதான் வைத்தியம்” என்றார்.

அந்த அளவெடுப்பில்தான் இந்தப் பிரிவின் தரம் தெரிகிறது. இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ அறையில் ஜெல் குப்பியை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்திருப்பார்கள். குழந்தை சிலிர்த்து அழாமல் என் மடியிலேயே படுத்துக்கொள்வாள். இடது கீழறையில் இருந்த பெரிய கட்டி பிறந்தபோது 14 மில்லிமீட்டர், மூன்றாம் மாதத்தில் 12. ஆறாம் மாதத்தில் புதிதாக வந்த பணியாளர் 16 என்று எழுதியபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. மருத்துவரோ பழைய படத்தைப் பக்கத்துத் திரையில் நிறுத்தி, அதே கோணத்தில் தாமே மீண்டும் அளந்து, 16ஐ அடித்துவிட்டு 11 என்று எழுதினார். கடைசி முறை 6. இத்தகைய கட்டிகள் இதயத் துடிப்பின் ஒழுங்கையும் குலைக்கக்கூடும் என்பதால் ஒவ்வொரு முறையும் ஈசிஜி எடுத்தார்கள். இருமுறை, இதயத் துடிப்பை 24 மணி நேரம் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியும் பொருத்தினார்கள்.

இதயத்தோடு நின்றுவிடாததற்காகவும் அவர்களைப் பாராட்ட வேண்டும். இப்படிப் பல கட்டிகளோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும், இதயத்தோடு மூளை, தோல் போன்றவற்றையும் பாதிக்கும் மரபணுக் கோளாறு இருக்கும் என்று சொல்லித் தோல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். சாதாரண வெளிச்சத்தில் என் கண்ணுக்கே படாத நான்கு வெண்திட்டுகள், இருட்டறையில் புற ஊதா விளக்கின்கீழ் இலை வடிவில் பளிச்சென்று தெரிந்தன. ரத்தப் பரிசோதனையில் 16ஆம் குரோமோசோமிலுள்ள டிஎஸ்சி2 மரபணுவில் மாற்றம் இருப்பது உறுதியானது. “இதயம் தேறிவிடும், இனி நாம் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டியது மூளை விஷயத்தில்தான்” என்று மருத்துவர் கூறி, வலிப்பு எதுவும் வருவதற்கு முன்பே, மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி எடுக்கச் செய்தார்.

குறைகளும் உண்டு. காலை 10 மணி என்று நேரம் குறித்துவிட்டுப் பிற்பகல் 1.30க்குத்தான் அழைப்பார்கள். ஒருமுறை ரசீதில் ‘டியூமர்’ என்ற சொல்லைப் பார்த்த பணம் கட்டுமிடத்துப் பெண், எங்களைப் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தபோது என் மாமியார் அழுத அழுகையை எந்த மன்னிப்பும் ஈடுகட்டாது. நரம்பியல் மருத்துவர் வேறொரு நாளில்தான் வருவதால் ஒரே மாதத்தில் இருமுறை பேருந்து ஏற வேண்டியிருக்கிறது. அறிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். மருத்துவர் வாயால் சொன்ன விளக்கத்தை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுக் கொடுப்பதற்கு என்ன செலவாகிவிடும் என்று தெரியவில்லை.

அங்கே செல்லவிருப்போர், வேறெங்கேனும் முன்பே எக்கோ எடுத்திருந்தால், அறிக்கைத் தாளோடு படங்களையும் சிடியில் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். எந்தக் கோணத்தில் அளந்தார்கள் என்பது தாளில் இருக்காது.