பல்கலைக்கழக விளையாட்டு நிலையத்தில் அங்கத்துவம் எடுக்க முன் இதை வாசியுங்கள்

ஒன்ராறியோவில் பல்கலைக்கழகம் உள்ள ஊர்களில் இருக்கிற எங்கட ஆட்களுக்காக எழுதுகிறேன். ஓகஸ்ட் கடைசியில், புதிய கல்வியாண்டு தொடங்கும் நேரம், பல்கலைக்கழக விளையாட்டு நிலையங்கள் வெளியாருக்கும் அங்கத்துவம் விற்கும். முந்தின வருடம் எங்கள் தபால்பெட்டிக்குள்ளும் துண்டுப்பிரசுரம் வந்தது. அவர்களைப் பற்றி நான் கொடுத்த முறைப்பாடு இன்னும் முடியாததால் நிலையத்தின் பெயரைப் போடவில்லை.

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இடுப்பளவு தண்ணீருக்குள் நின்று நடந்தால் மூட்டில் விழும் பாரம் குறையும், அதைச் செய்யுங்கோ என்று பிசியோதெரபி செய்கிற பிள்ளை சொன்னா. கிட்ட இருந்த தனியார் ஜிம்கள் ஒன்றிலும் நீச்சல் தடாகம் இல்லை. பல்கலைக்கழகத்தில் தடாகம் இருந்தது, ஜிம்மின் மேல்மாடியைச் சுற்றி நடைபாதையும் இருந்தது. குளிர்காலத்தில் அம்மா வெளியே நடக்கமாட்டா என்பதால் எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது.

கவுண்டரில் இருந்த பொடியனிடம் அம்மாவைக் காட்டியே கேட்டேன். மாணவர்களுக்கு உள்ளதெல்லாம் உங்களுக்கும் உண்டு, காலை ஆறு மணியில் இருந்து இரவு பத்து மணி வரைக்கும் வரலாம் என்றான். இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 84 டொலர், 12 மாத ஒப்பந்தம், காசு வங்கிக் கணக்கில் இருந்து தானாகக் கழியும். டப்லெட்டில் விரலால் கையெழுத்து வைத்தேன். ஒப்பந்தத்தின் பிரதி அன்றிரவே மின்னஞ்சலில் வந்தது. நான் அதைத் திறந்து வாசிக்கவில்லை.

மறுநாள் போனால் தடாகத்தில் தண்ணீரே இல்லை. வருடாந்தப் பராமரிப்பாம், இரண்டு கிழமைக்குப் பூட்டு. சரி, பொறுத்தோம்.

செப்டெம்பரில் திறந்தார்கள். நான் வேலை முடிந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர ஐந்து மணி. அம்மா நீச்சல் உடுப்பை வீட்டிலேயே உள்ளுக்குப் போட்டு, மேலே நீளக் கோட்டும் போட்டு, றப்பர் தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தா. தடாகத்துக்குப் போகிற கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நாலில் இருந்து ஏழு வரை பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி. ஏழில் இருந்து எட்டரை வரை சிறுவர் நீச்சல் வகுப்பு. அதற்குப் பிறகு மாணவர்கள் மட்டும். சமூக அங்கத்தவர்களுக்கு, அதாவது எங்களைப் போன்ற வெளியாருக்கு, வார நாட்களில் மதியம் பன்னிரண்டில் இருந்து ஒன்றேகால், ஞாயிறு ஒரு மணித்தியாலம். அம்மா அந்தக் கண்ணாடியில் கை வைத்து, ஆறு லேனிலும் பிள்ளைகள் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே, "இது எப்ப பிள்ளை முடியும்?" என்று கேட்டா. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். பத்து நிமிடத்தில் அம்மா நடுங்கிக்கொண்டு ஏறிவிட்டா. போட்டி நீச்சலுக்குத் தண்ணீர் 25 முதல் 28 பாகைக்குள் இருக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. அணிப் பிள்ளைகளுக்கு அது சரியாக இருக்கும். மூட்டு நோவோடு மெதுவாக நடக்கிற வயதானவருக்கு அதைவிடச் சூடான தண்ணீர் வேண்டும். இதை அந்தப் பொடியன் அறிந்திருக்கமாட்டான், ஆனால் அங்கத்துவம் விற்க அவனை அங்கே இருத்தியவர்களுக்குத் தெரியும்.

டிசெம்பரில் மிஞ்சியிருந்த நடைபாதையும் போனது. ஜிம் முழுக்க மேசை அடுக்கிச் சோதனை வைத்தார்கள். சத்தம் கூடாதென்று மேலே நடைபாதையையும் பூட்டினார்கள். ஏப்ரலிலும் அதே கதை. பூட்டிய நாட்களுக்கும் காசு கழிந்தது.

மாணவர்களுக்கு முதலிடம் கொடுப்பதில் எனக்குக் கோபமே இல்லை. அந்தப் பிள்ளைகள் ஒருநாளும் உள்ளே போகாவிட்டாலும் கல்விக் கட்டணத்தோடு விளையாட்டுக் கட்டணமும் கட்டுகிறார்கள். 2019இல் மாகாண அரசு சில கட்டணங்களை விரும்பினால் கட்டலாம் என்று மாற்றியபோதும் விளையாட்டுக் கட்டணம் கட்டாயமாகவே இருந்தது. அது அவர்களுடைய இடம். எங்களுக்கு மிச்சம்தான் கிடைக்கும் என்றால், மிச்சம் எவ்வளவு என்று காசு வாங்க முன் சொல்லவேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஜிம் ஒப்பந்தத்தைக் காரணம் சொல்லாமலே 10 நாளுக்குள் ரத்துச் செய்யலாம். ஒப்பந்தப் பிரதி கிடைத்த நாள், சேவைகள் எல்லாம் கிடைக்கத் தொடங்கிய நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து கணக்கு. தடாகம் திறந்து ஏழாம் நாளே நான் கடிதம் கொடுத்தேன். திரும்பி வந்த பதில்: நாங்கள் இலாபநோக்கற்ற நிறுவனம், அந்த விதி எங்களுக்கு இல்லை. சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். இலாபநோக்கில்லாமல் தரப்படும் சேவைகளுக்கு அந்தப் பகுதி பொருந்தாது என்று உண்மையாகவே எழுதியிருக்கிறது. பல்கலைக்கழகம் என்றால் தனியாரைவிட நம்பலாம் என்றுதான் நாங்கள் போகிறோம். ரத்துச் செய்கிற உரிமை என்று வந்தால், தெருமுனை ஜிம்காரனிடம் இருப்பதுகூட அங்கே எங்களுக்கு இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான்.

அதில் இன்னொன்றும் இருந்தது: 12 மாதம் முடிந்தாலும் நாங்கள் நிறுத்தச் சொல்லும் வரை மாதாமாதம் தொடரும். நான் 30 நாளுக்கு முன்பே எழுத்தில் நிறுத்தச் சொன்னேன். அதற்குப் பிறகும் ஒரு மாதக் காசு எடுத்தார்கள். இங்கே மட்டும் வழி கிடைத்தது. நிறுத்தச் சொன்ன பிறகும் கணக்கில் கைவைத்தால், 90 நாளுக்குள் உங்கள் வங்கியிடம் முறையிட்டுக் காசைத் திரும்பப் பெறலாம். நான் அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டினேன், 84 டொலரும் வந்தது. ஆனால் ஒப்பந்தக் காலத்துக்குள் வங்கியில் சொல்லிக் காசு கழிவதை மறித்தால் கடன் அப்படியே நிற்கும், அதைச் செய்யாதீர்கள்.

மற்றக் காசுக்காகப் பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு எழுதி, பதில் சரியில்லாததால் மாகாண ஒம்புட்ஸ்மனிடம் (பொது நிறுவனங்கள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கிற அலுவலகம்) போயிருக்கிறேன். 2016 ஜனவரி முதல் பல்கலைக்கழகங்கள் பற்றிய முறைப்பாடுகளையும் அவர்கள் எடுக்கிறார்கள். அது இலவசம்.

நீங்கள் எடுப்பதாக இருந்தால், ஓகஸ்ட் நேர அட்டவணையைப் பார்த்து எடுக்காதீர்கள். ஒக்ரோபர் மாத அட்டவணையைக் கேளுங்கள், அதில் சமூக அங்கத்தவருக்கான மணித்தியாலங்களை உங்கள் விரலாலேயே எண்ணிப் பாருங்கள். தண்ணீர் எத்தனை பாகை, சோதனைக் காலத்தில் எவை பூட்டப்படும், இடையில் விட்டால் என்ன திரும்பும் என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். முதலில் ஒருநாள் டிக்கெட்டில், நீங்கள் வழமையாகப் போகப்போகிற அதே நேரத்துக்குப் போய்ப் பாருங்கள்.

அம்மா இப்போது மாநகரசபைத் தடாகத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும் போகிறா. அங்கே சின்னப் பிள்ளைகளுக்கான ஆழமில்லாத சூட்டுத் தடாகம் ஒன்று இருக்கிறது, காலையில் வயதானவர்களுக்கு விடுகிறார்கள். ஏற்கெனவே மாட்டுப்பட்டு, ரத்துக் கடிதம் ஆங்கிலத்தில் எழுதக் கஷ்டப்படுகிறவர்கள் எனக்கு எழுதுங்கள், நான் கொடுத்த கடிதத்தை அனுப்பிவிடுகிறேன்.