ஆடியோ டேக், வெப் ஆடியோ, ஐஃபிரேம்: எந்த ஒலிக்கு எந்த வழி?

முன்பு பிரௌசரில் ஒலி, ஒளிக்கு உதவிய ஃபிளாஷ் பிளேயர் என்ற கூடுதல் மென்பொருள் 2020 டிசம்பருடன் விடைபெற்றுவிட்ட நிலையில், வலைப்பக்கத்தில் ஒலியைச் சேர்க்க விரும்புவோருக்கு மூன்று வழிகள் உள்ளன: எச்டிஎம்எல்லின் ஆடியோ டேக், ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வழியாக ஒலியைக் கையாள உதவும் வெப் ஆடியோ ஏபிஐ, வேறொரு தளத்தின் பிளேயரை ஐஃபிரேமில் (நம் பக்கத்துக்குள் வேறு பக்கத்தைக் காட்டும் சட்டம்) பொருத்துவது.

ஒரு மணி நேரச் சொற்பொழிவுக்கு ஆடியோ டேக்கே போதும் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. கன்ட்ரோல்ஸ் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாலே பிளே பொத்தானையும் நேரப் பட்டையையும் பிரௌசரே தந்துவிடுகிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களும் அவற்றை அடையாளம் காண்கின்றன. கோப்பு முழுவதும் இறங்கும் முன்பே ஒலி தொடங்கிவிடும். ப்ரீலோட் என்பதற்கு 'மெட்டாடேட்டா' என்று கொடுத்தால், நீளம் போன்ற விவரங்கள் மட்டும் முதலில் போதும் என்று பிரௌசருக்கு உணர்த்தலாம்; மொபைல் டேட்டாவில் கேட்பவருக்கு இது பெரிய உதவி.

அதே சொற்பொழிவை வெப் ஆடியோவின் டிகோட்ஆடியோடேட்டா என்ற கட்டளையிடம் கொடுத்தால், அது முழுக் கோப்பையும் விரித்து நினைவகத்தில் வைக்கும். நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலி அலையின் அளவீடுகள்), இரண்டு சேனல், மாதிரிக்கு 4 பைட் என்று கணக்கிட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 23 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 1.3 ஜிபிக்கும் மேல் ஆகிறது. சாதாரண கைபேசி இதைத் தாங்காது.

ஆனால் ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களையும் பிசகாமல் தட்டிக்காட்டும் ஒரு பயிற்சிப் பக்கத்தை உருவாக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. ஆடியோ டேக்கில் பிளே கட்டளை கொடுத்த கணத்துக்கும் ஒலி எழும் கணத்துக்கும் இடையிலான தாமதம் ஒரே சீராக இருப்பதில்லை. காலப்பிரமாணம் தள்ளாடினால் பயிற்சியே வீண். வெப் ஆடியோவிலோ ஒவ்வொரு தட்டும் எழ வேண்டிய நேரத்தை அதன் சொந்தக் கடிகாரத்தில் முன்கூட்டியே குறித்துவைக்கலாம்.

ஐஃபிரேம், கோப்பை வைக்கச் சொந்த இடம் இல்லாதவர்களுக்கு மட்டுமே. தோற்றம், விளம்பரம், குக்கி எதுவும் நம் கையில் இராது.

எந்த வழியானாலும், பயனர் பக்கத்தைத் தொடும் முன் தானாக ஒலியெழுப்புவதை இன்றைய பிரௌசர்கள் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன. கேட்பவரின் விருப்பத்தை மதிக்கும் இந்தக் கட்டுப்பாட்டை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

நீண்ட ஒலிக்கு, தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரும் தேவைப்பட்டால் ஆடியோ டேக்கையே வெப் ஆடியோவுடன் இணைக்கலாம். கோப்பு வேறு டொமைனில் இருந்தால் மட்டும் அதன் சர்வர் கார்ஸ் அனுமதி (வேறு தளம் தன் கோப்பைப் பயன்படுத்தலாம் என்ற ஒப்புதல்) தர வேண்டும், டேக்கிலும் கிராஸ்ஆரிஜின் என்ற சொல்லைக் குறிப்பிட வேண்டும். டேக்கில் அதை விட்டுவிட்டால் பட்டை நகரும், ஒலி மட்டும் வராது.