காட்பாடியில் ஆறு ஞாயிறுகள்: சாய்வுக்கும் வெட்டுத்துண்டுக்கும் பொருள் சொல்லித்தரும் ஒரு வகுப்பு

குடியாத்தம் பக்கத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றில் 22 ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் நடத்தி வருகிறேன். ஒரு நேர்க்கோட்டின் சமன்பாட்டைக் கொடுத்துச் சாய்வும் (எக்ஸ் ஒன்று கூடும்போது ஒய் எவ்வளவு மாறும் என்ற எண்) ஒய்-வெட்டுத்துண்டும் (எக்ஸ் சுழியமாகும்போது கோடு ஒய்-அச்சை வெட்டும் இடம்) கேட்டால், சுமாராகப் படிக்கும் பிள்ளைகூட ஒய் = எம்எக்ஸ் + சி என்ற வடிவத்துக்கு அதை மாற்றி, இரண்டு எண்களையும் பிழையின்றி எழுதிவிடும். ஆனால் அந்தச் சமன்பாடு ஒரு கடைக்காரரின் கணக்கிலிருந்தோ ஒரு தெர்மாமீட்டரின் அளவீட்டிலிருந்தோ வந்ததாகச் சொல்லி, இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கேட்டால் வகுப்பு முழுதும் மௌனமாகிவிடுகிறது. இதற்காகப் பிள்ளைகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. நாங்கள் அவர்களை அப்படிக் கேட்டுப் பழக்கியதே இல்லை.

ஆகவே, நேர்கோட்டு மாதிரிகளுக்கு, அதாவது தரவுப் புள்ளிகளுக்குப் பொருந்துமாறு வரையும் கோடுகளுக்கு, பொருள் காண்பதை மட்டுமே பாடமாக வைத்துக் காட்பாடியில் ஒரு தனிப்பயிற்சி நிலையம் கோடை விடுமுறையில் வகுப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டதும், பதினொன்றாம் வகுப்பில் வணிகக் கணிதம் படிக்கும் என் அக்கா மகளையும் அழைத்துக்கொண்டு நானே மாணவியாகச் சேர்ந்தேன். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், காலை 10 மணி முதல் 1 மணி வரை, ஒருவருக்கு 1,800 ரூபாய், ஏறத்தாழ இருபது பேர். நடத்துபவர் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். குறைகளையும் எழுதப்போவதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதல் நாள் கரும்பலகையில் ஒரு சமன்பாடும் எழுதப்படவில்லை. மேசைமேல் ஒரு மூங்கில் கூடையும், ஒரு தராசும், 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஒரு மூட்டையும் இருந்தன. கூடையில் பத்துக் காய்களைப் போட்டு எடை பார்த்தோம். பிறகு இருபது, முப்பது, நாற்பது என்று கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் தராசு காட்டிய எடையை வரைபடத்தாளில் புள்ளியாக வைத்தோம். புள்ளிகளின் நடுவே அளவுகோலை வைத்துக் கண்ணளவில் கோடு போட்டபின், அதன் சாய்வு ஏறத்தாழ 42 என்றும், ஒய்-அச்சை அது வெட்டும் இடம் ஏறத்தாழ 640 என்றும் கண்டோம். "42 என்றால் என்ன?" என்று அவர் கேட்டார். "சாய்வு" என்று பலரும் சொன்னார்கள். "அது பெயர், நான் பொருளைக் கேட்டேன்" என்றார். சில நிமிடங்கள் கழித்து என் அக்கா மகள்தான் மெல்ல எழுந்து, "ஒரு காய்க்கு 42 கிராம், சார்" என்றாள்.

அந்த விடையை அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் திருத்திய விதத்தில்தான் இந்த வகுப்பின் தரம் எனக்குத் தெரிந்தது. மூட்டையிலிருந்து இரண்டு காய்களை எடுத்துத் தனித்தனியே எடை போட்டார். ஒன்று 35 கிராம் இருந்தது, மற்றொன்று 50ஐத் தாண்டியது. ஆக, எந்தக் காயும் 42 கிராம் இருந்தாக வேண்டும் என்று அந்தக் கோடு சொல்லவில்லை. காய்களின் எண்ணிக்கை ஒன்று கூடும்போது தராசின் எடை சராசரியாக 42 கிராம் கூடும் என்று எதிர்பார்க்கலாம் என்பதே அது சொல்வது. "சராசரியாக" என்ற சொல்லையும் "கிராம்" என்ற அலகையும் விட்டுவிட்டால் சாய்வுக்குப் பொருள் இல்லை என்பதை அன்று எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டோம். வெட்டுத்துண்டுக்கு அவர் விளக்கமே தரவில்லை. காய்களையெல்லாம் கொட்டிவிட்டு வெறுங்கூடையைத் தராசில் வைத்தார். முள் 615இல் நின்றது. கோடு சொன்ன 640க்கும் தராசு சொன்ன 615க்கும் இடையிலான வித்தியாசம் ஏன் வந்தது என்பதிலேயே மீதி அரைமணி நேரம் கழிந்தது. காய்களின் எடை ஒன்றுபோல் இல்லாதது, கண்ணளவில் போட்ட கோடு, பத்துக் காய்க்குக் கீழே புள்ளியே இல்லாதது எனக் காரணங்கள் பிள்ளைகளின் வாயிலிருந்தே வந்தன. 22 ஆண்டுகளில் என் வகுப்பில் ஒருநாளும் வராத பேச்சு அது. கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இரண்டாம் வாரத்தின் ஆட்டோ கட்டணக் கணக்குதான் ஆறு வாரங்களிலும் சிறந்தது என்பேன். 2013இல் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். தொலைவை எக்ஸ் என்றும் கட்டணத்தை ஒய் என்றும் கொண்டால் சாய்வு என்ன, வெட்டுத்துண்டு என்ன என்று கேட்டார். சாய்வு 12 என்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. வெட்டுத்துண்டு 25 என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது; உண்மையைச் சொல்வதானால், என் மனமும் 25 என்றுதான் சொன்னது. ஏறி உட்கார்ந்தவுடன் கொடுக்கவேண்டிய பணம்தானே வெட்டுத்துண்டு என்றுதான் நாம் எல்லோரும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

அவர் கணக்கிட்டுக் காட்டினார். 1.8 கிலோமீட்டரைத் தாண்டிய பயணத்துக்குக் கட்டணம் 25 + 12(எக்ஸ் − 1.8). விரித்தால் 12எக்ஸ் + 3.40 என்று வருகிறது. ஆகவே அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது ஒய்-அச்சை வெட்டும் இடம் 3 ரூபாய் 40 காசு. 5 கிலோமீட்டருக்கு இரண்டு வழியிலும் 63 ரூபாய் 40 காசு வருவதைச் சரிபார்த்தோம். ஆனால் 3 ரூபாய் 40 காசு கொடுத்து எந்த ஆட்டோவில் ஏற முடியும்? 1.8 கிலோமீட்டருக்குக் குறைவான தொலைவில் கட்டணம் கிடைமட்டமாக 25இல் நிற்கிறது. 12 என்ற சாய்வுடைய கோடு அங்கே ஆட்சி செய்யவே இல்லை. வெட்டுத்துண்டு கணித அளவில் இருக்கிறது, ஆனால் அது நிற்கும் இடம் கோட்டின் எல்லைக்கு வெளியே என்பதை இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்லக் கேட்டதில்லை. அடுத்த கல்வியாண்டில் என் வகுப்பில் முதல் நாளே இந்தக் கணக்கைத்தான் எழுதப்போகிறேன்.

மூன்றாம் வாரத்துக்கு வீட்டு மின்கட்டண அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இருபது வீட்டுக் கணக்குகளைப் புள்ளிகளாக வைத்து, கால்குலேட்டரில் மீச்சிறு வர்க்க முறையில் (புள்ளிகளுக்கும் கோட்டுக்கும் உள்ள செங்குத்து விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும்படி) கோடு கண்டபோது, சாய்வு அலகுக்கு ஏறத்தாழ ஆறரை ரூபாய் என்றும் வெட்டுத்துண்டு மைனஸ் 1,200 ரூபாய் என்றும் வந்தது. மின்சாரமே பயன்படுத்தாத வீட்டுக்கு வாரியம் 1,200 ரூபாய் தரும் என்று இதற்குப் பொருள் சொல்ல முடியுமா? நமக்கு முதல் சில அலகுகளுக்குக் கட்டணம் இல்லை. அதற்குமேல் பயன்பாடு கூடக்கூட அலகின் விலையும் படிப்படியாக ஏறுகிறது. அதாவது, உண்மையான கோடு பல இடங்களில் முறிந்து, ஒவ்வொரு முறிவுக்குப் பின்னும் செங்குத்தாகிக்கொண்டே போகிறது. அதன்மேல் ஒரே நேர்க்கோட்டைப் போர்த்தினால் அது மறுமுனையில் சுழியத்துக்குக் கீழே போய்த்தான் தீரும். எதிர்மறை வெட்டுத்துண்டு வந்தால் கணக்கு தவறு என்று அடித்துவிட்டுத் திரும்பப் போடாமல், மாதிரி எங்கே பொருந்தவில்லை என்று தேடச் சொன்னார். ஆறரை ரூபாய் என்ற சாய்வும் எந்த வீட்டுக்கும் உண்மையான அலகு விலை அல்ல என்பதையும் இங்கேயே அழுத்திச் சொல்லியிருக்கலாம். அதை நான் கேட்டபிறகுதான் சொன்னார்.

நான்காம் வாரம், ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர்-பிள்ளைகளின் உயரங்களை ஒப்பிட்டு 1886இல் வெளியிட்ட ஆய்வு. 205 பெற்றோர் இணைகள், அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேர். தாய்மாரின் உயரத்தை 1.08ஆல் பெருக்கித் தந்தையின் உயரத்தோடு சேர்த்துச் சராசரி எடுத்ததும், பெற்றோர் சராசரி நடுமட்டமான 68¼ அங்குலத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதில் மூன்றில் இரண்டு பங்குதான் பிள்ளைகள் விலகியிருக்கிறார்கள் என்று அவர் கண்டதும் பலருக்குத் தெரிந்திருக்கும். இதைச் சாதாரணக் கோடாக எழுதினால் வெட்டுத்துண்டு 22¾ அங்குலம் வருகிறது. உயரமே இல்லாத பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளையின் உயரம் என்று அதைப் படிப்பது வீண்பேச்சு. ஆனால் எக்ஸை 68¼இலிருந்து அளக்கத் தொடங்கினால் வெட்டுத்துண்டு 68¼ ஆகிவிடுகிறது. நடுமட்ட உயரமுள்ள பெற்றோருக்கு எதிர்பார்க்கத்தக்க பிள்ளையின் உயரம் என்று அதற்குத் தெளிவான பொருளும் கிடைக்கிறது. சாய்வு மாறவில்லை, கோடு மாறவில்லை, அளக்கத் தொடங்கும் புள்ளி மட்டுமே மாறியது. பதினொன்றாம் வகுப்பில் ஒட்டுறவும் (கோரிலேஷன்) தொடர்புப் போக்கும் (ரிக்ரஷன்) படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த ஒரு மணி நேரம் கிடைக்க வேண்டும்.

ஐந்தாம் வாரத்தில் எனக்கு மனக்குறை உண்டு. ஜோலார்பேட்டையிலிருந்து வரும் கல்லூரி மாணவர் ஒருவர், ஏலகிரிக்குப் பைக்கில் ஏறும்போது, தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் முதலானோரின் பெயர்களைத் தாங்கிய அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் நின்று நின்று வெப்பநிலையைக் குறித்து வந்திருந்தார். வளைவின் எண்ணை எக்ஸாகக் கொண்டால் சாய்வு மைனஸ் 0.2 டிகிரி, வெட்டுத்துண்டு அடிவாரத்தின் வெப்பநிலை. இங்கே சுழியம் என்பது தரவின் விளிம்பிலேயே இருப்பதால் வெட்டுத்துண்டுக்கு நல்ல பொருள் இருக்கிறது என்று பாராட்டிவிட்டு ஆசிரியர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். அந்தத் தம்பி ஏழரை மணிக்கு அடிவாரத்தில் தொடங்கி, எட்டரைக்கு மேல்தான் உச்சிக்குப் போயிருக்கிறார். உயரம் வெப்பத்தைக் குறைக்கும்போது ஏறுவெயில் அதைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கும் அல்லவா? நான் எழுந்து இதைச் சொன்னபோது, நேரமில்லை என்று பதில் வந்தது. 14 வளைவுக்கு 0.2 வீதம் மொத்தம் 2.8 டிகிரிதான் குறைகிறது. 1,000 மீட்டர் உயர்வுக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்ற பொதுவான கணக்கோடு பார்த்தால் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திலுள்ள ஏலகிரிக்கு இது குறைவு. ஒரு சாய்வு எதனால் வந்தது என்று கேட்காமல் அதைப் படித்துச் சொல்வது பாதி வேலைதான். சாய்வுக்குப் பொருள் சொல்லித்தருவதாக விளம்பரம் செய்யும் வகுப்பில் இதை விடக்கூடாது.

அவர் அதை விடவும் இல்லை. அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்கியதும், அந்த மாணவரை இன்னொரு நாள் காலையில் மலையிலிருந்து இறங்கும்போதும் அளந்துவரச் செய்ததாகச் சொல்லி, இரண்டு கோடுகளையும் அருகருகே வரைந்தார். இறங்கும்போது கிடைத்த சாய்வு மைனஸ் 0.4, இம்முறை உயரம் குறைவதும் வெயில் ஏறுவதும் ஒரே திசையில் வேலை செய்தன. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கும் என்றும், போன வாரம் தாம் அதைக் கவனிக்கவில்லை என்றும் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் முன் ஓர் ஆசிரியர் இப்படிப் பேசுவதைப் பார்ப்பதற்காகவே நான் மறுபடியும் பணம் கட்டுவேன்.

பயிற்சிப் புத்தகத்தைப் பற்றி இப்படி நல்லவிதமாகச் சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு பக்கத்தில் "சாய்வு", அடுத்த பக்கத்தில் "சரிவு". "வெட்டுத்துண்டு" என்று நம் பாடநூல் தந்திருக்கும் அழகான சொல்லை விட்டுவிட்டுச் சில இடங்களில் "இடைமறிப்பு" என்று அச்சிட்டிருக்கிறார்கள். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை இவை இரண்டும் வெவ்வேறு என்று நினைத்துக் குழம்பும். அதைவிட வருத்தமானது, பின்பக்க விடைகளில் பாதிக்கு மேல் அலகே இல்லை. "சாய்வு = 2.5" என்று மட்டும் விடை இருந்தால், முதல் நாள் கூடையை வைத்து அவர் பட்ட பாடெல்லாம் வீணாகிறது. எக்செல் பகுதியைக் கடைசி நாளில் முக்கால் மணி நேரத்தில் ஓட்டிவிட்டார்கள். கட்டளைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் பின்வரிசைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

அறை மாடியில், தகரக் கூரையின் கீழ். மே மாதத்து வேலூர் வெயிலை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் பாடம் தலையில் ஏறுவது கடினம். எட்டு மணிக்கே தொடங்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வகுப்பைத் தவறவிட்டால் ஈடு செய்ய வழியில்லை.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கும், வணிகக் கணிதம் எடுத்தவர்களுக்கும், என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் இந்த 1,800 ரூபாய் தகும். தேர்வு மதிப்பெண்ணுக்காக மட்டும் சேர்வோருக்கு இது உதவாது. இங்கே கணக்குகள் குறைவு, கேள்விகள் அதிகம். அடுத்த பிரிவு காலாண்டு விடுமுறையில் தொடங்கும் என்கிறார்கள். பணம் கட்டும்முன், புத்தகத்தின் விடைப்பகுதி அலகுகளோடு திருத்தி அச்சிடப்பட்டுவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் பிழைப்பட்டியல் ஒன்றைத் தயாரித்து அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். கடைசி நாள் ரயிலுக்குக் காத்திருந்தபோது என் அக்கா மகள், "சித்தி, பள்ளியில் இதே கோட்டுக்கு அஞ்சு மார்க் வாங்கியிருக்கேன், அப்போ அது கூடைன்னு தெரியாது" என்றாள்.